மாப்பிள்ளையின் மூன்றாம் பட்டை குறித்துச் சம்பந்திக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். ஒருவேளை தங்களுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கும் சமயமாக இருந்தால், இதை மடித்து வைத்துவிட்டு, அது இறங்கிய பிறகு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே நான், என் மகள், தங்கள் மகன் மூவரும் நலம். நலம் என்றது உடம்பைப் பற்றி மட்டும்.

இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை முயன்றேன். தாங்கள் எடுத்தவுடன் "சொல்லுங்க சம்பந்தி, சுருக்கமா!" என்கிறீர்கள். நிரந்தரப் படையில் இருபத்தாறு வருடம் இருந்தவருக்கு அந்தக் குரல் இயல்பு. வானிலை நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் மழைமானியைக் குனிந்து பார்த்து எழுதியவனுக்கு, அந்தக் குரலைக் கேட்டதும் வந்த விஷயம் மறந்துவிடுகிறது. மூன்று முறையும் "இங்கே மழை இல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு: ஒருமுறை பதிவேட்டில் ஏறியதை அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, தவறு தெரிந்தால் கீழே 'திருத்தம்' என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பழக்கதோஷம், இக்கடிதத்திலும் அப்படியே செய்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் தங்கள் ஆலோசனைப்படி மாப்பிள்ளை பகுதிநேரச் சேமப்படையில் சேர்ந்தார். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு பயிற்சி, வருடத்தில் பதினைந்து நாள் முகாம். "மாசத்துல நாலே நாள், அதுக்கும் படி குடுக்கறாங்க, என்ன நஷ்டம்?" என்று தாங்கள் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. என்ன நஷ்டம் என்று அன்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. தெரிந்த பிறகு பதில் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியதால் இப்போது சொல்கிறேன். நாட்டுக்காக உழைப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. திருத்தம்: சனிக்கிழமைகளில் கொஞ்சம் உண்டு.

முதலில் பூட்ஸ். மாப்பிள்ளையின் கால் அளவு ஒன்பது. படைக் கிடங்கில் ஒன்பது இல்லை என்று பத்தைக் கொடுத்துவிட்டார்கள். "இது பெரிசா இருக்கே" என்றதற்கு, "நடக்க நடக்கக் கால் வீங்கும், சரியாயிடும்" என்றாராம் கிடங்குக்காரர். (தாங்களும் கிடங்குப் பிரிவில்தான் இருந்தீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. இது அந்தக் குறிப்பிட்ட கிடங்குக்காரரைப் பற்றி மட்டும்.) கால் வீங்கியது உண்மை, ஆனால் ஒரே சீராக வீங்கவில்லை. கொப்புளத்துக்கு மருந்து வாங்கி, மருந்துக்கு மேல் போட இரண்டு ஜோடி கெட்டி உறை வாங்கி, அதிலும் தீராமல் கடைசியில் சொந்தப் பணத்தில் ஒன்பதாம் எண் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார். அந்த ஒரு ஜோடிக்கு நான்கு மாதப் படி போயிற்று. அணிவகுப்பில் அதிகாரி குனிந்து பார்த்து, இதில் கயிறு கோக்கும் துளை ஒரு பக்கத்துக்கு ஒன்பது இருக்கிறது, விதிப்படி எட்டுதான் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எட்டு மாதம் கழித்துக் கிடங்கிலிருந்து ஒன்பதாம் எண் வந்தது. பழைய பத்தாம் எண்ணைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அதை வாங்கிக்கொள்ளும் படிவத்தில் முத்திரை வைக்க வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை அதையும் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. ஆக, வீட்டு வாசலில் மூன்று ஜோடி பூட்ஸ் வரிசையாக நிற்கின்றன. மாதம் ஒரு டப்பா பாலிஷ் என்பது மூன்று டப்பா ஆயிற்று. இரண்டு ஜோடிக்கு நான்தான் போடுகிறேன்.

அடுத்து பயணச் செலவு. முகாமுக்குப் போகவர ஆகும் பஸ் கட்டணத்தைப் படை திருப்பிக் கொடுக்கும், டிக்கெட்டை இணைத்தால் போதும். மாப்பிள்ளை டிக்கெட்டுகளைச் சட்டைப்பையில் கசக்கிப் போடுகிறவர் என்பதால், அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். ஒரு வருடத்து டிக்கெட்டுகளையும் தேதிவாரியாகக் கெட்டிக் காகிதத்தில் பசை தடவி ஒட்டி, ஓரத்தில் வரிசை எண் போட்டுக் கொடுத்தேன். பார்க்க நன்றாக இருந்தது. அலுவலகத்தில், டிக்கெட்டின் எண் அதன் பின்பக்கம் அச்சாகியிருக்கிறது, அது தெரிந்தால்தான் பணம் என்றார்கள். ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, மொட்டை மாடியில் நிழலில் உலர்த்தினேன். எல்லாம் அழகாகப் பிரிந்து வந்தன, ஆனால் இரு பக்கமும் வெறும் வெள்ளை. "பரவாயில்லை மாமா, ஒட்டினது நல்லா இருந்துச்சு" என்றார் மாப்பிள்ளை. தங்கள் மகன் தங்கமானவர். அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் டிரைவிங் பள்ளிக்கு இருப்பது ஒரே ஒரு கார். அதற்கு மாதத் தவணை உண்டு. அவர் முகாமில் இருந்தாலும் தவணை வீட்டில்தான் இருக்கிறது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் சனி ஞாயிறில்தான் வருவார்கள். அந்த நாட்களில் ஆசிரியர் இல்லை என்றால் என்ன செய்வது? வீட்டில் ஓட்டுநர் உரிமம் உள்ள இன்னொருவன் நான்தான். நாற்பத்தொரு வருடமாக வைத்திருக்கிறேன். ஒரு விபத்தும் இல்லை. வேகமும் இல்லை. "அப்பா, பக்கத்துல உக்காந்தா போதும், உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு, பயம் வேண்டாம்" என்றாள் மகள். அந்த பிரேக் இருக்கிறது என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். முதல் சனிக்கிழமை வந்தவர் ஒரு கட்டிட மேஸ்திரி. அவர் சாவியைத் திருப்புவதற்கு முன்பே நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். "ஐயா, இன்னும் கிளம்பவே இல்லையே" என்றார். "தெரியும், நீங்கள் கிளம்புங்கள்" என்றேன், காலை எடுக்காமல். அன்று ஒரு மணி நேரத்தில் தெருமுனை வரை போய், திரும்புவதற்கு இடம் பார்த்துக்கொண்டு நின்று, அவரே இறங்கி நடந்து போய்விட்டார். முன்பு சனி ஞாயிறுக்குப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். இரண்டே மாதத்தில் பிரேக் கட்டை தேய்ந்தது. மெக்கானிக் காரின் கிலோமீட்டர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பெரியவரே, வண்டி எங்கயும் போகலையே, பிரேக் மட்டும் எப்படித் தேஞ்சுது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பில் இருக்கிறது.

இப்போது அந்த நாட்களில் வருகிறவர்கள் புது ஆட்கள், பெரும்பாலும் குடும்பப் பெண்கள். சரியான நேரத்துக்கு வருகிறார்கள், நான் எவ்வளவு மெதுவாகச் சொல்லிக்கொடுத்தாலும் முகம் சுளிப்பதில்லை. எப்படி வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சேர்க்கைப் பதிவேட்டில் 'யார் சொல்லி வந்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்து "உங்களை யார் அனுப்பினார்கள்?" என்று கேட்பது விசாரணை போல இருக்கும் என்பதால், நான் கேட்பதில்லை, எல்லாவற்றிலும் 'தெரிந்தவர்' என்று போட்டுவிடுகிறேன்.

அப்புறம் பட்டை. போன வருடம் மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வின் அடையாளமாகச் சட்டைக் கையில் இரண்டாம் பட்டை கிடைத்தது. பட்டை வாங்கியவர் தன் பிரிவில் உள்ள எல்லோருக்கும் சொந்தச் செலவில் விருந்து வைக்க வேண்டும் என்பது படைப் பழக்கம் என்று தாங்களே தொலைபேசியில் மகிழ்ச்சியாகச் சொன்னீர்கள். பிரிவில் முப்பத்திரண்டு பேர். அவர்கள் பகலெல்லாம் மலை ஏறி இறங்கிவிட்டு நேராக விருந்துக்கு வந்தார்கள். ஐம்பது பேருக்குப் போதும் என்று சமையற்காரர் சத்தியம் செய்த சாப்பாடு இருபத்தேழாவது ஆளோடு தீர்ந்தது. மறுபடி அடுப்பு மூட்டினார்கள். இரண்டாம் பட்டையால் நாள் படியில் கூடியது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தேன்: ஒரு தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் வாங்கலாம். அந்த விகிதத்தில் விருந்துச் செலவை ஈடுகட்டப் பதினொரு வருடம் ஆகும், அதுவும் மாப்பிள்ளை அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிடாமல் இருந்தால்.

இப்போது மூன்றாம் பட்டை வரப்போகிறது. அதற்கான தேர்வில் தங்கள் மகன் தேறக் கூடாது என்று என் மகள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். (இதைத் தயவுசெய்து சம்பந்தி அம்மாளிடம் சொல்ல வேண்டாம்.) அவர் முதலாவதாக வந்துவிட்டார். இதில் என் குற்றமும் உண்டு. வரைபடம் படிக்கும் பாடம் வரவில்லை என்று ஒரு நாள் வந்து கேட்டார். மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் எங்கள் வானிலை வரைபடத்துக் கோடுகளைப் போலவே இருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. ஆறு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். "நீங்களே விறகை அள்ளிப் போட்டுட்டு, அய்யோ எரியுதேன்னா எப்படிப்பா?" என்று மகள் கேட்கிறாள்.

போன வாரம் தவணைக் கம்பெனியின் வசூல்காரர் வந்தார். இரண்டு தவணை பாக்கி. மரியாதையான மனிதர், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வாசலில் இருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு "வீட்டுல மூணு ஆம்பளைங்க சம்பாதிக்கிறாங்க, அப்புறம் என்ன?" என்றார். ஒருவருடைய கால்கள்தான் என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. பிறகு காரைச் சுற்றி வந்து சக்கரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். டிக்கியைத் திறந்து ஐந்தாவதையும் எண்ணினார். "மூணாவது தவணையும் நின்னா வண்டியைத் தூக்கிடுவோம் சார், என் கையில ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் போனால் பள்ளி இல்லை. பள்ளி இல்லையென்றால் இந்த வீட்டில் வருமானம் என் ஓய்வூதியம் மட்டும். அது மழைமானி பார்த்தவனுடைய ஓய்வூதியம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

விஷயம் இதுதான். மூன்று வருட ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. அதற்குள் மாப்பிள்ளை இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கௌரவமாக விலகிக்கொள்ளலாம். படிவம் மேசை மேல் இருக்கிறது. அவரிடம் நானே பேசினேன். நேராக அல்ல, காரைத் துடைத்துக்கொண்டே. "மாமா, கணக்கு எனக்கும் தெரியுது. எங்கப்பா 'விட்டுடுடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே விட்டுடறேன். அவர் சொல்லாம நானா விட்டேன்னா, ஆயுசுக்கும் 'பாதியில ஓடி வந்தவன்'னுதான் என்னைக் கூப்பிடுவார். என் குழந்தை பிறந்தா அதுக்கும் சொல்லுவார்" என்றார். தாங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று நான் சொன்னேன். திருத்தம்: சொல்லவில்லை, சொல்ல நினைத்தேன்.

மகள் என்னிடம், "நீங்க எழுதுங்கப்பா. நான் கேட்டா மாமனாரை எதுத்துப் பேசினதா ஆயிடும். நீங்க எழுதினா என்ன கேக்கறீங்கன்னு புரியவே கடைசிப் பக்கம் ஆயிடும், அதுக்குள்ள அவருக்குக் கோபமும் ஆறிடும்" என்றாள். எனவே கடைசிப் பக்கத்தில் கேட்கிறேன். தாங்கள் தயவுகூர்ந்து தங்கள் மகனை அழைத்து, போதும், விலகிக்கொள் என்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் செய்தது குறைவல்ல. சொல்ல முடியாது என்று தாங்கள் கருதினாலும் எனக்கு வருத்தமில்லை. திருத்தம்: வருத்தம் உண்டு, ஆனால் காட்டிக்கொள்ளமாட்டேன்.

ஏதேனும் வரம்பு மீறி எழுதியிருந்தால் வயதில் மூத்தவன் என்று கருதாமல், வழக்கமாகவே தடுமாறுகிறவன் என்று கருதி மன்னிக்கவும். சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, படி ஏறும்போது சத்தம் கேட்காத நாட்கள் தங்களுக்கு நிறைய அமைய வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: திருத்தம்.

மேலே உள்ளதை நேற்று எழுதி, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் பேக்கரிக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தார். என்னிடம் ஐந்து மாதமாகக் கற்றுக்கொள்கிறவர். இரண்டாம் கியர் வரை வந்திருக்கிறார். கூடவே இன்னும் நான்கு பெண்கள்.

"ஐயா, அண்ணன் படையை விட்டு நிக்கப்போறாராமே, நிஜமா?" என்று கேட்டார்.

"யாரம்மா சொன்னது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"என்னய்யா இப்படிக் கேக்கறீங்க? ரெண்டு பேரும் ஒரே கூடாரத்துலதானே படுக்கறாங்க!"

சம்பந்தி அவர்களே, அப்போதுதான் மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டத்துக்கு உரிய கேள்வியைக் கேட்டேன். "அம்மா, தவறாக எண்ண வேண்டாம். நீங்கள் யார் சொல்லி இங்கே சேர்ந்தீர்கள்?"

"அந்தப் பட்டை விருந்துலதான் ஐயா எல்லாம் ஆரம்பிச்சுது. சாப்பாடு தீர்ந்து போய் ரெண்டாவது தடவை அடுப்பு வெச்சாங்களாமே, அது வேகற வரைக்கும் அண்ணன் உங்க கதையைத்தான் சொன்னாராம். சாவி போடறதுக்கு முன்னாடியே பிரேக் போடற மாமனார்னு. சிரிச்சுச் சிரிச்சு ஒருத்தருக்குப் புரையேறி முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சாம். மறுநாள் எங்க வீட்டுக்காரர் சொல்றார், 'நீ வண்டி கத்துக்கணும்னா அந்தப் பெரியவர்கிட்டதான் கத்துக்கணும், வேற எவன்கிட்டயும் அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல'ன்னு. எல்லார் வீட்லயும் இதே பேச்சுதான். அங்க உங்க பேரே பிரேக் ஐயா."

கூட வந்த நால்வரும் தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர், "அண்ணன் நின்னுட்டா சனி ஞாயிறு அவரே வந்து சொல்லிக்குடுப்பார்ல? அவர் ரொம்ப வேகமாமே. அப்ப நாங்க சேரலை" என்றார். மாப்பிள்ளை நிற்கப்போவதில்லை என்று நான் சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. நால்வரும் முழுக் கட்டணத்தையும் அங்கேயே கொடுத்துச் சேர்ந்தார்கள்.

உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பேக்கரிக்காரர் மனைவியிடம் படித்துக் காட்டினேன். விருந்துக்குப் பிறகு சேர்ந்தவர்கள் நாற்பத்துமூன்று பேர். எல்லோருக்கும் 'தெரிந்தவர்' என்றே போட்டிருக்கிறேன், அவர்களில் இருபத்தொன்பது பேர் அந்தப் பிரிவு ஆட்களின் மனைவி, தங்கை, அத்தை, ஒரு மாமியார். இவர்கள் இல்லையென்றால் கார் போன வருடமே போயிருக்கும். முப்பத்துநான்கு வருடம் எவ்வளவு மழை பெய்தது என்று எழுதினேனே தவிர, மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்ப்பது என் பிரிவின் வேலையாக இருக்கவில்லை. அதே பழக்கம்.

இன்று காலை வசூல்காரர் வந்தார். ஒரு தவணையைக் கையில் கொடுத்தேன். சக்கரங்களை எண்ணாமல் போனார்.

ஆகவே மேலே கேட்டுக்கொண்டதற்கு நேர் எதிராகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மகனை அழைத்து, கையெழுத்துப் போடு என்று சொல்லவும். சுருக்கமாகவே சொல்லலாம். மூன்றாம் பட்டை விருந்தை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் குறைக்கக் கூடாது. பக்கத்துப் பிரிவையும் அழைக்க வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் நானே சொல்லிவிட்டேன். அவர்களில் நாற்பது பேருக்குத் திருமணம் ஆகியிருக்கிறதாம். சாப்பாடு ஒரு தடவை தீர்ந்துபோவது நல்லது, அப்போதுதான் கதை சொல்ல நேரம் கிடைக்கும். என் மகள் இதைக் கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டு, "அப்பா, மாமாவுக்கு அந்த முதல் பக்கங்களையும் சேர்த்தா அனுப்பறீங்க?" என்றாள். விதி விதிதான். தவிர, அதில் எழுதியிருக்கும் செலவுகள் ஒவ்வொன்றும் உண்மை. முடிவு மட்டும்தான் தவறு. தபால்தலையும் வீணாகாது.

மேலே எழுதிய செலவுகளில் இன்னும் மீட்கக்கூடியது பூட்ஸ் மட்டும். சொந்தப் பணத்தில் வாங்கிய அந்த ஒன்பது துளை ஜோடியை மாப்பிள்ளை இரண்டே தடவைதான் போட்டார். மற்ற நாளெல்லாம் நான்தான் துடைத்து வைத்திருக்கிறேன். தங்கள் கால் அளவும் ஒன்பது என்று கேள்விப்பட்டேன். பாதி விலை தந்தால் போதும்.

(கையொப்பம்)
பிரேக் ஐயா